சாய்வு ட்ரைக்கின் மின்வலிமை: எதை மாற்றுவது, எந்த வரிசையில் மாற்றுவது?

முன்னுரை

1985 ஜனவரி 10ஆம் நாள், லண்டன் அலெக்சாண்டிரா அரண்மனையில் சர் கிளைவ் சின்கிளேர் ‘சி5’ என்ற சிறு வண்டியை உலகுக்குக் காட்டினார். மூன்று சக்கரம், சாய்ந்து அமரும் இருக்கை, மிதிகள், 250 வாட் மோட்டார், 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி என்று அமைந்த அதன் விலை 399 பவுண்டு. மணிக்கு 15 மைல், அதாவது 24 கிலோமீட்டருக்கு மேல் அது ஓடாது. அதே ஆண்டு ஆகஸ்டில் உற்பத்தி நின்றுபோனது. குளிரில் பேட்டரி சோர்ந்தது. கியர் ஒன்றே ஒன்று. மிதிக்கும் இருக்கைக்குமான தூரத்தை ஆளுக்கேற்ப மாற்ற வழியில்லை. மேடு வந்தால் ஓட்டுபவரின் கால்கள்தான் கைகொடுக்க வேண்டியிருந்தது.

சி5 தோற்றாலும் அதன் கருத்து தோற்கவில்லை. இன்று பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் மின்மோட்டார் பொருத்திய சாய்வு ட்ரைக்குகள் ஓடுகின்றன. முழங்கால் தேய்ந்தவர், முதுகுவலிக்காரர், பக்கவாதத்துக்குப் பின் சமநிலை இழந்தவர், இரண்டு சக்கரத்தில் ஏற அஞ்சும் முதியவர் எனப் பலருக்கு அது வெளி உலகுக்கான வாசல். அந்த வண்டிக்குச் சில ஆண்டு வயதானதும் ஒரு கேள்வி எழுகிறது: மேட்டில் திணறுகிறது, பாதி வழியில் பேட்டரி தீர்கிறது, எதை மாற்றுவது?

பெரும்பாலோர் மோட்டாரில் தொடங்குகிறார்கள். பேட்டரி முதலில், கியரும், மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரும் அடுத்து, மோட்டார் அதற்குப் பின் என்பதே சரியான வரிசை என்பது இக்கட்டுரையின் துணிபு. அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வண்டியின் உடலமைப்பு

சாய்வு ட்ரைக்குகளில் இரு வகை உண்டு. முன்னால் இரண்டு சக்கரமும் பின்னால் ஒன்றும் கொண்டவை ‘டாட்போல்’. முன்னால் ஒன்றும் பின்னால் இரண்டும் கொண்டவை ‘டெல்டா’. சி5 டெல்டா வகை. இன்று நெடும்பயணம் போவோர் அதிகம் விரும்புவது டாட்போல். இங்கிலாந்தின் ஐ.சி.இ., அமெரிக்காவின் கேட்ரைக், ஜெர்மனியின் ஹெச்.பி. வெலோடெக்னிக், ஆஸ்திரேலியாவின் கிரீன்ஸ்பீடு ஆகியவை இவ்வகையில் பெயர் பெற்றவை.

சாய்ந்த உடல் காற்றைக் குறைவாக எதிர்கொள்கிறது. 1933 ஜூலையில் பிரான்சிஸ் ஃபோர் என்ற பிரெஞ்சு வீரர் ஷார்ல் மோஷே வடிவமைத்த சாய்வு மிதிவண்டியில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓடிச் சாதனை படைத்தார். மறு ஆண்டே சர்வதேச மிதிவண்டிச் சங்கம் இவ்வகை வண்டிகளைப் பந்தயங்களிலிருந்து விலக்கியது.

மின்வசதியைப் பொறுத்தவரை மூன்று கூறுகள் முக்கியம். முதலாவது, சக்கரம் சிறியது. பெரும்பாலும் முன்னால் 20 அங்குலம், பின்னால் 20 அல்லது 26 அங்குலம். இரண்டாவது, மிதி இருப்பது ‘பூம்’ எனப்படும் முன்குழாயின் நுனியில். அங்கிருந்து பின்சக்கரம்வரை செல்லும் செயின் சாதாரண மிதிவண்டியின் செயினைப்போல் இரண்டரை, மூன்று மடங்கு நீளம். மூன்றாவது, இது நடக்கும் வேகத்தைவிட மெதுவாகச் சென்றாலும் கவிழாது. மூன்றாவதாகச் சொன்னதன் பயனைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

எவ்வளவு திறன் தேவை?

ஓட்டுபவர், வண்டி, பேட்டரி, பை எல்லாம் சேர்ந்து 120 கிலோ என்று கொள்வோம். சமதளத்தில் மணிக்கு 25 கிலோமீட்டரில் செல்லக் காற்றுக்கும் டயர் உராய்வுக்கும் சேர்த்துச் சுமார் 135 வாட் போதும். 40 கிலோமீட்டரில் செல்ல 390 வாட் வேண்டும். வேகம் ஒன்றரை மடங்கு கூடத் தேவையோ மூன்று மடங்கை நெருங்குகிறது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் செலவாகும் ஆற்றல் 5.4 வாட்-மணியிலிருந்து 9.8 வாட்-மணியாக உயர்கிறது. அதே பேட்டரியில் போகும் தூரம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும்.

மேட்டில் கணக்கு வேறு. நூறு அடி போனால் எட்டடி உயரும் சாலையில் மணிக்கு 20 கிலோமீட்டரில் ஏற 610 வாட் வேண்டும். 10 கிலோமீட்டரில் 290 வாட். 5 கிலோமீட்டரில் 145 வாட். சராசரி மனிதர் சிரமமின்றி 75 முதல் 100 வாட்வரை மிதிக்க முடியும். அப்படியானால் 10 கிலோமீட்டரில் ஏறுபவருக்கு மோட்டார் தர வேண்டியது 200 வாட் அளவுதான்.

இரண்டு சக்கர வண்டி ஐந்தாறு கிலோமீட்டர் வேகத்தில் தள்ளாடும். ஆகவே அது வேகமாக ஏறியே தீர வேண்டும். ட்ரைக்குக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தக்க கியர் இருந்தால் சிறிய மோட்டாரே பெரிய மேட்டை வெல்லும். பெரிய மோட்டாரை வாங்கத் துணிவதற்கு முன், இப்போதிருக்கும் தாழ்ந்த கியர் உண்மையிலேயே தாழ்ந்ததுதானா என்று பார்க்க வேண்டும்.

பேட்டரி: முதலில் கவனிக்க வேண்டியது

பழைய மின் ட்ரைக்குகள் பலவற்றில் ஈய-அமில பேட்டரி இருந்தது. 12 வோல்ட், 12 ஆம்பியர்-மணி கொண்ட மூன்றைத் தொடராக இணைத்தால் 36 வோல்ட், 432 வாட்-மணி. எடை சுமார் 12 கிலோ. மேட்டில் அதிக மின்னோட்டம் இழுக்கும்போது இந்த அளவு முழுதாகக் கிடைக்காது. இன்றைய லித்தியம் அயனி பேட்டரியில் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட ‘18650’ செல்கள் 13 வரிசை, வரிசைக்கு நான்கு என 52 இருந்தால், 3.5 ஆம்பியர்-மணி செல்லுக்கு மொத்தம் 655 வாட்-மணி கிடைக்கும். பெட்டியோடு சேர்த்து எடை மூன்று, நான்கு கிலோதான். மோட்டாரைத் தொடாமல் இதை மட்டும் மாற்றினாலே வண்டி எட்டு கிலோ இளைக்கிறது, எட்டும் தூரமும் கூடுகிறது.

ஏற்கெனவே லித்தியம் இருந்தாலும், மோட்டாரின் சோர்வு என்று தோன்றுவது பல வேளைகளில் பேட்டரியின் மூப்பே. வயதாக ஆகச் செல்லின் உள்மின்தடை ஏறுகிறது. ஓர் எடுத்துக்காட்டு: உள்மின்தடை 0.2 ஓம் உள்ள பழைய 36 வோல்ட் பேட்டரியிலிருந்து 20 ஆம்பியர் இழுத்தால் 4 வோல்ட் உள்ளேயே வீழ்கிறது. 80 வாட் பேட்டரிக்குள் வெப்பமாகிறது. 0.08 ஓம் உள்ள புதியதில் வீழ்ச்சி 1.6 வோல்ட், வெப்பம் 32 வாட். பழையதில் கால்பங்கு சார்ஜ் மீதமிருக்கும்போதே மேட்டில் வோல்ட் சரிந்து, கன்ட்ரோலர் தன் கீழெல்லையைக் கண்டு மோட்டாரை நிறுத்திவிடும். சமதளத்துக்கு வந்ததும் வண்டி மீண்டும் உயிர்பெறும். இந்த அறிகுறி தெரிந்தால் குற்றம் மோட்டாரிடம் இல்லை என்று அறியலாம்.

பேட்டரி வாங்கும்போது வாட்-மணியோடு, தொடர்ச்சியாக எத்தனை ஆம்பியர் தரும் என்பதையும் கேட்க வேண்டும். 30 ஆம்பியர் இழுக்கும் கன்ட்ரோலருக்கு நான்கு செல் வரிசையில் ஒவ்வொரு செல்லும் 7.5 ஆம்பியர் தர வேண்டும். பி.எம்.எஸ். எனப்படும் காவல் மின்சுற்றும் அதைத் தாங்க வேண்டும். கன்ட்ரோலரின் உச்ச எல்லையைவிடக் கால்பங்காவது கூடுதலாகத் தரவல்ல பேட்டரி நீடித்து உழைக்கும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் இன்னொரு தேர்வு. 16 செல் தொடரில் 51.2 வோல்ட் தரும். எடையும் பருமனும் கூடுதல். ஆனால் வெப்பத்தில் நிலைகுலையாது, சார்ஜ் சுற்றுகளும் அதிகம் தாங்கும். நாள்தோறும் ஓட்டுபவர், வண்டியை வீட்டுக்குள் நிறுத்துபவர் இதை எண்ணிப் பார்க்கலாம்.

தூரத்தைக் கணிக்க ஓர் எளிய வழி உண்டு. மேடும் நிறுத்தமும் கலந்த பாதைக்குக் கிலோமீட்டருக்கு 10 வாட்-மணி என்று வைத்து, பேட்டரியில் பத்தில் ஒரு பங்கை இருப்பாக ஒதுக்கினால், 655 வாட்-மணிக்குச் சுமார் 59 கிலோமீட்டர். நிதானமாக மிதிப்பவர் இதைத் தாண்டுவார். மிதமான திறனில் எவ்வளவு தொலைவு செல்லலாம் என்பதற்கு ‘சன் டிரிப்’ பயணங்கள் சான்று. 2018இல் பிரான்சின் லியோனிலிருந்து சீனாவின் குவாங்சோவரை ஏறத்தாழ 12,000 கிலோமீட்டரைச் சூரியத் தகடு பொருத்திய மின்மிதிவண்டிகளில் கடந்தார்கள். அவர்களில் பலர் சாய்வு வண்டிக்காரர்கள்.

வோல்ட்டை உயர்த்தலாமா?

36 வோல்ட் அமைப்பில் 48 வோல்ட் பேட்டரியைச் சொருகினால் மோட்டாரின் சுமையற்ற வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடும். மலிவான மேம்பாடாகத் தெரிவதால் பலரும் இதில் இறங்குகிறார்கள். ஆனால் 48 வோல்ட் என்பது பெயரளவுதான். 13 செல் தொடர் முழுச் சார்ஜில் 54.6 வோல்ட், 14 செல் தொடரான ‘52 வோல்ட்’ பேட்டரி 58.8 வோல்ட். பழைய 36 வோல்ட் கன்ட்ரோலரின் மின்தேக்கிகள் 50 வோல்ட் தாங்கும்படி அமைந்திருந்தால், முழுச் சார்ஜோடு இணைத்த கணமே அவை பழுதாகலாம். கன்ட்ரோலரைத் திறந்து மின்தேக்கியில் அச்சிட்ட எண்ணைப் படித்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

கன்ட்ரோலர் தாங்கினாலும் அதன் கீழெல்லை 36 வோல்ட் பேட்டரிக்கானதாகவே இருக்கும். 48 வோல்ட் பேட்டரியைக் காக்கும் வேலை அப்போது முழுவதும் பி.எம்.எஸ். மேல் விழுகிறது. ஆகவே பேட்டரி, கன்ட்ரோலர், திரை, சார்ஜர் நான்கையும் ஒரே குடும்பமாக மாற்றுவதே முறை. சார்ஜரைக் கலந்துவிடுவது மிக ஆபத்தானது. 36 வோல்ட் பேட்டரிக்கு 42 வோல்ட் சார்ஜர்தான், 54.6 வோல்ட் சார்ஜரை அதில் சொருகவே கூடாது.

இரண்டு பேட்டரிகளை இணையாகப் பூட்டித் தூரத்தைக் கூட்டலாம். ஒரே வோல்ட், ஒரே வேதியியல், இணைக்கும் நேரத்தில் ஒரே சார்ஜ் என்ற மூன்றும் கட்டாயம். இல்லாவிட்டால் நிறைந்ததிலிருந்து குறைந்ததற்குக் கட்டுப்பாடின்றி மின்னோட்டம் பாயும்.

போஷ், ஷிமானோ போன்ற முழுமையான அமைப்புகளில் பேட்டரியும் மோட்டாரும் ஒன்றையொன்று அடையாளம் கண்டே இயங்கும், வெளிப்பேட்டரியை ஏற்காது. அவற்றில் அதே நிறுவனத்தின் பெரிய பேட்டரி அல்லது இரட்டைப் பேட்டரி வசதி மட்டுமே வழி. தானே கூட்டிக் கழிக்க விரும்புபவர் வண்டி வாங்கும் நாளிலேயே இதை அறிந்திருக்க வேண்டும்.

மோட்டார்: சக்கரத்திலா, மிதியிலா?

சக்கரத்தின் மையத்தில் அமரும் ஹப் மோட்டாரில் இரு வகை. பல்சக்கரம் இல்லாத நேரடி மோட்டார் கனமானது, ஓசையற்றது, பிரேக் பிடிக்கும்போது மின்சாரத்தைத் திருப்பித் தரவல்லது. பல்சக்கர மோட்டார் இலேசானது, மேட்டில் இழுவை கூடுதல். ஆனால் அதன் நைலான் பற்கள் நீடித்த வெப்பத்தில் தேயும்.

ஹப் மோட்டாரின் எதிரி மெதுவான மேடு. மோட்டாரின் செப்புச்சுருளில் உண்டாகும் வெப்பம் முறுக்குவிசையைப் பொறுத்தது. ஒரே முறுக்குவிசையில் வேகம் பாதியானால் வெப்பம் குறைவதில்லை, பயனுள்ள வேலை மட்டும் பாதியாகிறது. நீண்ட மலைச்சாலையில் மோட்டார் கருகுவது இதனால்தான்.

இங்கே சிறிய சக்கரம் துணைக்கு வருகிறது. மேற்சொன்ன எட்டு விழுக்காட்டு மேட்டில் 120 கிலோவை ஏற்ற 26 அங்குலச் சக்கரத்துக்குச் சுமார் 34 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசை வேண்டும். 20 அங்குலத்துக்கு 25 போதும். வெப்பம் முறுக்குவிசையின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், அதே மோட்டார் சிறு சக்கரத்தில் ஏறத்தாழப் பாதி வெப்பத்தோடு ஏறும். ஆனால் சுற்று எண்ணிக்கையைக் கவனிக்க வேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்துக்கு 26 அங்குலச் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்று சுற்றும்; 20 அங்குலம் 278 சுற்று. பெரிய சக்கரத்துக்கென்று சுருள் சுற்றிய மோட்டாரைச் சிறு சக்கரத்தில் கோத்தால் அது 18 கிலோமீட்டரிலேயே நின்றுவிடும். வாங்கும்போது சக்கர அளவைச் சொல்லி, அதற்கேற்ற சுருளைக் கேட்டு வாங்க வேண்டும். கனடாவின் வான்கூவரில் உள்ள கிரின் டெக்னாலஜீஸ் நிறுவனம் மோட்டார், பேட்டரி, சக்கர அளவு, எடை, மேடு ஆகியவற்றைக் கொடுத்து முன்கூட்டியே கணக்கிடும் கருவியை எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கிறது. டாட்போலின் ஒருபக்க அச்சிலும் பொருந்தும் முன்சக்கர மோட்டாரையும் அது உருவாக்கியுள்ளது.

மிதியோடு இணையும் நடு மோட்டார் வேறு தத்துவம். சீனாவின் பாஃபாங் நிறுவனத்தின் பி.பி.எஸ்.02, பி.பி.எஸ்.ஹெச்.டி. இரண்டும் பழைய ட்ரைக்கில் பூட்டுவதற்குப் பரவலாகத் தேர்ந்தெடுக்கப்படுபவை. நடு மோட்டாரின் விசை கியர் வழியே செல்வதால், தாழ்ந்த கியரில் மோட்டார் வேகமாகச் சுழன்றபடியே மெதுவாக மலையேறும்; வெப்பம் கட்டுக்குள் நிற்கும். பெட்டியில் எழுதிய வாட்டை மட்டும் நம்பக் கூடாது. ‘1000 வாட்’ எனப்படும் பி.பி.எஸ்.ஹெச்.டி. 48 வோல்ட்டில் 30 ஆம்பியர் இழுக்கும்போது பேட்டரியிலிருந்து 1440 வாட் எடுக்கிறது.

இதற்கும் விலை உண்டு. முன்னால் இருந்த மூன்று பல்சக்கரம் ஒன்றாகக் குறையும். 20 அங்குலப் பின்சக்கரத்தில் 30 பல் முன்னும் 34 பல் பின்னுமாக இருந்தபோது நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் 4.8 கிலோமீட்டர் வேகம். நடு மோட்டாரின் 46 பல்லோடு பின்னால் 42 பல் போட்டாலும் 5.9 கிலோமீட்டர்தான் மிகக் குறைந்தது. பின்னால் பெரிய பல்லடுக்கு வைத்தால் ‘டிரெய்லியர்’ எனப்படும் கியர் மாற்றியும் நீளமானதாக வேண்டும். சிறு சக்கரத்தில் அது தரையை உரசும் அளவுக்குத் தாழும். 526 விழுக்காடு விரிவு கொண்ட 14 கியர் ரோலாஃப் ஹப் இதற்கு நல்ல விடை, விலைதான் தடை. பூமின் நுனியில் நான்கைந்து கிலோ தொங்குவதால் அதன் பிடிப்பான் போல்ட்டுகளையும் அடிக்கடி இறுக்கிப் பார்க்க வேண்டும். விசையோடு கியர் மாற்றினால் நீளச் செயின் அறுபடும்; மாற்றும் நொடியில் மோட்டாரை நிறுத்தும் உணரியைச் சேர்த்தே வாங்குவது நல்லது.

சமவெளியில் நெடுந்தூரம் ஓடுபவருக்கும் பராமரிப்பு வேண்டாதவருக்கும் சக்கர அளவுக்கேற்ற ஹப் மோட்டார்; தொடர்ச்சியான மலை உள்ளவருக்கு நடு மோட்டார் என்று தொகுத்துச் சொல்லலாம்.

கூடும் வலிமையை வண்டி தாங்குமா?

ஓட்டத்தின் ஆற்றல் வேகத்தின் இருமடியில் வளர்கிறது. 25 கிலோமீட்டரிலிருந்து 40 கிலோமீட்டருக்கு ஏறினால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் இரண்டரை மடங்கு. டாட்போலில் நிறுத்தும் வேலை முழுவதும் முன்சக்கரப் பிரேக்குகளுடையது. பின்னால் இருப்பது பெரும்பாலும் நிறுத்திவைக்கும் பிரேக்தான். மோட்டாரைப் பெருக்குபவர் பிரேக்கையும் பெருக்க வேண்டும். மின்சாரத்தைத் திருப்பித் தரும் நேரடி ஹப் மோட்டாரின் உண்மைப் பயன், நீண்ட இறக்கத்தில் பிரேக்கைச் சூடாகாமல் காப்பது. ஆனால் மலையுச்சியில் முழுச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கினால் பேட்டரி அந்த மின்சாரத்தை ஏற்காது; மோட்டார் பிரேக் திடீரென்று கைவிடும். உச்சியில் தங்கிப் புறப்படுபவர் பத்து, இருபது விழுக்காடு இடம்விட்டே சார்ஜ் செய்ய வேண்டும்.

ட்ரைக் வளைவில் சாயாது. 20 கிலோமீட்டரில் திரும்பிய அதே வளைவை 30 கிலோமீட்டரில் எடுத்தால் பக்கவாட்டு விசை இரண்டேகால் மடங்கு. உள்சக்கரம் தூக்கும். பேட்டரியை வைக்கும் இடம் இங்கே உயிர்காக்கும். டாட்போலில் பின்கேரியரின் உச்சியில் வைத்த பேட்டரி ஈர்ப்பு மையத்தை மேலேயும் பின்னேயும் தள்ளிக் கவிழ வழிசெய்கிறது. இருக்கைக்கு அடியில், முன்னச்சுக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு தாழ வைப்பதே சிறப்பு. டெல்டாவில் பின்னச்சின் அருகே தாழ வைக்கலாம்.

சட்டமும் தீயும்

ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் தொடர்திறன் 250 வாட், மோட்டார் உதவி மணிக்கு சுமார் 25 கிலோமீட்டர்வரை என்ற எல்லைக்குள் இருந்தால்தான் அது மிதிவண்டி. தாண்டினால் பதிவும் காப்பீடும் வேண்டிய மோட்டார் வாகனம். அமெரிக்காவின் 2002 மத்தியச் சட்டம் 750 வாட், மோட்டாரால் மட்டும் மணிக்கு 20 மைல் என்று வரையறுக்கிறது; சாலை விதிகளை மாநிலங்கள் வகுக்கின்றன. இந்தியாவிலும் பதிவு விலக்கின் எல்லை 250 வாட்டும் 25 கிலோமீட்டரும்தான். எல்லை மீறிய வண்டி விபத்தில் சிக்கினால் காப்பீடு கைவிடும். உடல்நலம் குன்றிய ஓட்டுநருக்கு அது தாங்க முடியாத அடி.

தீயைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். நியூயார்க் நகரில் 2023இல் மட்டும் லித்தியம் பேட்டரியால் 268 தீ விபத்துகள் நேர்ந்தன. 18 பேர் இறந்தார்கள். அவ்வாண்டு செப்டம்பர் முதல் அந்நகரில் மின்மிதிவண்டி பேட்டரிகள் யூ.எல். 2271 சான்றும், முழு மின்னமைப்பு யூ.எல். 2849 சான்றும் பெற்றிருந்தால்தான் விற்க முடியும். பெயரில்லாத மலிவு பேட்டரியும், பழைய செல்களைப் பிரித்துக் கோத்த பேட்டரியும் மேம்பாட்டுக் கணக்கிலேயே வரக் கூடாது. வெளியேறும் கதவுக்கு அருகிலும் உறங்கும் அறையிலும் சார்ஜ் போடக் கூடாது. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த பேட்டரியைச் சூடேறவிட்ட பிறகே சார்ஜ் ஏற்ற வேண்டும்.

முடிவுரை

பழைய மின் ட்ரைக்கை மேம்படுத்த எண்ணுபவர் முதலில் ஒரு மாதம் அளக்கட்டும்: கிலோமீட்டருக்கு எத்தனை வாட்-மணி செலவாகிறது, மேட்டில் வோல்ட் எவ்வளவு சரிகிறது, பயணம் முடிந்ததும் மோட்டார் எவ்வளவு சூடாக இருக்கிறது. வோல்ட் சரிந்தால் பேட்டரியை மாற்றுங்கள். வோல்ட் நிலைத்தும் கால்கள் திணறினால் கியரைத் தாழ்த்துங்கள். கியர் போதுமானதாக இருந்தும் மோட்டார் சூடேறினால் மோட்டாரை மாற்றுங்கள், அதோடு பிரேக்கையும். வேகத்தைக் கூட்டுவது இந்தப் பட்டியலின் கடைசியில் நிற்கட்டும். நடக்கவும் நிற்கவும் உடல் ஒத்துழைக்காதவர்களைத் தெருவுக்கும் ஊருக்கும் அழைத்துச் செல்லும் வண்டி இது. அவர்களைப் போன இடத்திலிருந்து பத்திரமாக வீடு சேர்க்கும் பேட்டரிக்கே முதல் பணத்தைச் செலவிடுங்கள்.